கோட்டை வட்டம்: 2024–25 ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், வட்டத்தின் அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இங்கிலாந்துக் கோட்டைகளைப் படித்தறியும் நம் வட்டத்தில் இந்த ஆண்டு மாதக் கூட்டங்கள் ஒன்பது நடந்தன. செயற்குழு நான்கு முறை கூடியது. பிப்ரவரிக் கூட்டம் மட்டும் அரங்கம் கிடைக்காததால் இணையவழியில் நடந்தது.

மே மாதம் ஆர்ஃபோர்ட் கோட்டை பற்றிய உரை. இரண்டாம் ஹென்றி 1165 முதல் 1173 வரை அதைக் கட்டச் செலவிட்ட தொகை 1,413 பவுண்டு என்று அரசக் கருவூலத்தின் கணக்குச் சுருள்களில் இன்றும் படிக்க முடிகிறது. ஜூலையில் பிரம்லிங்ஹாம்: நடுக்கோபுரமே இல்லாமல், 13 கோபுரங்களை மதில் ஒன்றாகக் கோத்து நிற்கிற கோட்டை. நவம்பரில் போடியம். 1385-இல் அரச அனுமதி பெற்று எட்வர்ட் டாலிங்ரிக் கட்டியது. இந்தியாவில் வைஸ்ராயாக இருந்த கர்சன் 1917-இல் விலைக்கு வாங்கிப் பழுதுபார்த்து, 1925-இல் இறந்தபோது, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்டுக்கு எழுதிவைத்தார். அதற்கு முன்பே, டாட்டர்ஷால் செங்கல் கோட்டையிலிருந்து பெயர்த்தெடுத்து விற்கப்பட்ட கல் அடுப்பு முகப்புகளை மீட்டுத் திரும்பப் பதித்தவரும் அவரே.

செப்டம்பரில் கெனில்வொர்த் பற்றிப் பேசினோம். 1266 முற்றுகை ஆறு மாதம் நீடித்தது. சுற்றிலும் தேக்கி வைத்திருந்த ஏரி நீரால் மதிலடிக்குச் சுரங்கம் கொண்டுபோக வழியில்லை. டிசம்பரில் பசியும் நோயும்தான் உள்ளே இருந்தவர்களைப் பணிய வைத்தன. அன்றைய கூட்டத்துக்கு வந்தவர்கள் ஏழு பேர். அந்த உரையைக் கேட்டிருந்தால், கீழே நான் எழுதும், ரோச்செஸ்டர் கோட்டையின் சிறிய மாதிரி செய்யும் பணியைப் பற்றிப் பல உறுப்பினர்களுக்குக் கேள்வியே எழுந்திருக்காது.

ஜூன் மாத டோவர் பயணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 27 பேர் பெயர் கொடுத்தார்கள். அதை நம்பி வண்டி அமர்த்தினோம். காலையில் வந்து ஏறியவர்கள் 16 பேர். வராத 11 பேரில் முன்னதாகத் தகவல் சொன்னவர்கள் இருவர். காலி இருக்கைகளுக்கான பணம் வட்டத்தின் பொதுநிதியிலிருந்து போயிற்று. வந்தவர்கள் பார்த்ததோ எளிதில் கிடைக்காத ஒன்று. 1216-இல் பிரெஞ்சு இளவரசர் லூயியின் ஆட்கள் வடக்கு வாயிலின் கிழக்குக் கோபுரத்தின் அடியைத் தோண்டிச் சாய்த்தார்கள். கோட்டைக்குள் ஹியூபர்ட் டி பர்க்கின் வீரர்கள் அந்தப் பிளவை மரங்களால் அடைத்து நின்று தடுத்தார்கள். டோவர் நிற்பது சுண்ணாம்புக் குன்றின்மேல். அது தோண்டுவதற்கு இளகிய பாறை, ஆனால் தோண்டிய சுரங்கம் எளிதில் சரியாது. தாக்குபவனுக்கு இதைவிட வசதியான தரை வேண்டாம். அதனால்தான் போருக்குப் பிறகு அந்த வாயிலையே அடைத்துவிட்டு, மேற்கே செங்குத்தான சரிவின் தலையில் கான்ஸ்டபிள் வாயிலைப் புதிதாகக் கட்டினார்கள். அடைபட்ட பழைய வாயிலின் முன்னே நின்று பார்த்தால் இது ஒரு நிமிடத்தில் விளங்கும். படத்தில் பார்த்தால் விளங்காது.

இனி ரோச்செஸ்டர் மாதிரி. இந்த ஆண்டு வட்டம் செய்த முதன்மையான வேலை இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். செலவைப் பற்றியும் வடிவத்தைப் பற்றியும் பேச்சு எழுந்திருப்பதால் முழுவதையும் பதிவு செய்கிறேன்.

லண்டனிலிருந்து டோவர் போகும் பழைய சாலை மெட்வே ஆற்றைக் கடக்கிற இடத்தில் இருக்கிறது ரோச்செஸ்டர். அங்கே கல் கோட்டையை முதலில் எழுப்பியவர் பிஷப் குண்டல்ஃப். 1127-இல் முதலாம் ஹென்றி அந்தக் கோட்டையைக் கேன்டர்பரிப் பேராயர் வில்லியம் டி கார்பெயிலிடம் ஒப்படைத்தார். இன்று நிற்கும் நடுக்கோபுரத்தைக் கட்டியவர் அவர். கைப்பிடிச் சுவர் மட்டம் வரை 113 அடி, மூலைத் தூபிகள் (மூலைகளில் மேலெழும் சிறு கோபுரங்கள்) அதற்கு மேல் இன்னும் 12 அடி. பக்கம் 70 அடி. சுவரின் கனம் அடியில் 12 அடி, உச்சியில் 10 அடி. மாதிரியை 50-க்கு 1 என்ற அளவில் செய்கிறோம்: உயரம் தூபியோடு 76 செ.மீ., பக்கம் 43 செ.மீ., சுவர் அடியில் 7.3 செ.மீ., மேலே 6.1 செ.மீ. பக்கத்தில் நிற்கிற மனித உருவம் மூன்றரை செ.மீ.

சுவரை உள்ளே இடைவெளி இல்லாத ஒரே கட்டையாகச் செய்திருந்தால் ஒரு மாதத்தில் முடிந்திருக்கும். ஆனால் அந்தச் சுவருக்குள்ளேயே நடைபாதை ஓடுகிறது. ஆகவே 5 மி.மீ. ஃபோம் போர்டில் (நுரைப் பலகையில்) வெளித்தோல் ஒன்று, உள்தோல் ஒன்று, நடுவே 8 செ.மீ.க்கு ஒரு குறுக்குப் பலகை என்று அமைத்தோம். முதலில் ஒட்டிய கிழக்குச் சுவர் ஒரே இரவில் வில்லாக வளைந்தது. வெளிப்பக்கத்தில் மட்டும் பசை தடவிக் கல் வடிவத் தாளை ஒட்டியதே காரணம். ஈரத்தில் விரிந்த தாள் காயும்போது சுருங்கிப் பலகையைத் தன் பக்கம் இழுத்துவிட்டது. அடுத்த முறை முதுகுப் பக்கமும் அதே அளவு பசை பூசி ஒரு தாளை ஒட்டி, பாரம் ஏற்றி ஒரு நாள் முழுதும் வைத்தோம். நேராக நின்றது. இந்தப் பாடத்துக்கு இரண்டு பலகை வீணாயின, அவ்வளவுதான். "பொருளை வாரி இறைக்கிறார்கள்" என்று சொல்வது நியாயமல்ல.

உள்ளே கோபுரத்தை இரண்டாகப் பிரிக்கிற குறுக்குச் சுவர் இருக்கிறது. கிணற்றுக் குழாய் அந்தச் சுவருக்குள்தான் மேலேறுகிறது. ஒவ்வொரு தளத்திலிருந்தும் நீர் இறைக்கலாம். இன்று அந்தக் கோபுரத்துக்குக் கூரையும் இல்லை, தளமும் இல்லை. உத்திரம் சொருகிய குழிகள் வரிசை வரிசையாகத் தெரிகின்றன. மாதிரியில் வடபாதியை இன்றிருப்பதுபோல வெறுமையாக விட்டோம். தென்பாதியில் மட்டும் மரத்தளங்களைப் பதித்தோம். கழற்றி மாட்டும்படி செய்திருக்கிற தென்கிழக்கு மூலையை எடுக்கும்போது அந்தத் தளங்களின் வெட்டுமுகம் தெரிய வேண்டும் என்பதே நோக்கம்.

"ஒரு மூலை மட்டும் ஏன் உருண்டையாக இருக்கிறது, அளவு தவறிவிட்டதா?" என்று இரண்டு உறுப்பினர்கள் எழுத்துமூலம் கேட்டிருந்தார்கள். தவறவில்லை. அந்த மூலையைக் காட்டத்தான் இந்த மாதிரியே.

1215 அக்டோபரில் ஜான் அரசர் ரோச்செஸ்டரை முற்றுகையிட்டார். கேன்டர்பரியில் இரவு பகலாகக் குந்தாலிகள் அடித்து அனுப்பச் சொல்லி ஆணை போனது. கல்லெறி பொறிகளால் ஆகாததைச் சுரங்கத்தால் முடிக்கப் பார்த்தார்கள். தேர்ந்தெடுத்தது மூலையை. ஏனென்றால் சதுர மூலையில் ஒவ்வொரு மூலைக்கல்லும் இரண்டு பக்கம் வெளியே தெரியும். கடப்பாரைக்கு இரண்டு வழி. மேலிருந்து பார்ப்பவனுக்கு மூலையடி கண்ணுக்குப் படாது. மேலே தூபியின் பாரமும் அங்கேதான் இறங்குகிறது. அடித்தளத்துக்குக் கீழே குடைந்துகொண்டே மரத்தூண்களால் முட்டுக்கொடுத்துப் போவார்கள். பிறகு அந்தத் தூண்களை எரிக்க வேண்டும். ஈர மண்ணுக்குள் மரம் லேசில் பற்றாது. நவம்பர் 25 தேதியிட்ட அரச ஆணை, கோபுரத்துக்கு அடியில் தீ மூட்டுவதற்காக மிகக் கொழுத்த, உண்ண அவ்வளவாக உதவாத 40 பன்றிகளை விரைவில் அனுப்பும்படி கேட்கிறது. கொழுப்பு நின்று எரியும். தென்கிழக்கு மூலை சாய்ந்தது. உள்ளே இருந்தவர்கள் குறுக்குச் சுவருக்கு அப்பால் பின்வாங்கி அங்கேயும் தாக்குப்பிடித்தார்கள். நவம்பர் 30 அன்று பணிந்தார்கள். பொறி விழுத்தாததைப் பசி விழுத்தியது.

மூன்றாம் ஹென்றி காலத்தில் அந்த மூலையைத் திரும்பக் கட்டியபோது உருண்டையாகக் கட்டினார்கள். உருண்டைக்கு நெம்ப மூலையில்லை, மறைவிடமும் குறைவு. அதனால் இன்று ரோச்செஸ்டரில் மூன்று தூபி சதுரம், ஒன்று உருண்டை. மாதிரியில் இந்த மூலைக்கு இரண்டு துண்டுகள் செய்திருக்கிறோம்: 1215-க்கு முந்தைய சதுரம் ஒன்று, பிந்தைய உருண்டை ஒன்று. காந்தத்தால் ஒட்டும், கையால் கழற்றலாம். முதலில் காந்தங்களைப் பலகைக்குப் பின்னால் வைத்தோம். இடையில் இரண்டு பலகைக் கனம் இருந்ததால் பிடிப்பே இல்லை. இப்போது குழி எடுத்து மேற்பரப்புக்குச் சமமாகப் பதித்திருக்கிறோம். மேடைக்குக் கீழே 12 செ.மீ. பெட்டியில் சுரங்கம், 3 மி.மீ. குச்சிகளே முட்டுத்தூண்கள். சதுர மூலையை எடுத்துவிட்டு உள்ளே குனிந்து பார்க்கிற பிள்ளைக்குக் குறுக்குச் சுவர் எதற்கு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கோட்டைச் சொற்களின் பட்டியல் 60 சொற்களை எட்டியிருக்கிறது. முன்கட்டு (வாயிலுக்கு முன்னே கட்டிய காப்புக் கட்டடம்), ஞாயில் (மதில் உச்சியின் பல்வரிசை), பதணம் (மதிலின் உள்மேடை), அகழி என்று நம்மிடமே இருக்கிற சொற்களை முதலில் எடுத்துக்கொண்டோம்.

சந்தா. 34 உறுப்பினர்களில் ஆண்டுச் சந்தா 20 பவுண்டைச் செலுத்தியவர்கள் 19 பேர். மீதிப் பேரில் சிலருக்கு இது இரண்டாம் ஆண்டு நிலுவை. மூன்று நினைவூட்டல் அனுப்பினேன். பெயர்களை வாசிக்கும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் அரங்க வாடகையைச் சரியான தேதியில் கொடுத்தே ஆக வேண்டும். அந்தச் சுமையைக் கட்டியவர்களே கட்டாதவர்களுக்கும் சேர்த்துச் சுமக்கிறார்கள். மாதிரிக்கான பொருள்களில் பெரும்பகுதி சிறப்பு நன்கொடையில் வாங்கியது. சந்தாப் பணம் அதற்குப் போகவில்லை என்பதைப் பொருளாளரும் அறிவார்.

வரவும் செலவும் ஏறக்குறைய சமமாக நிற்கின்றன. டோவர் வண்டியால் கையிருப்பு சற்றுக் குறைந்திருக்கிறது. விவரங்களைப் பொருளாளர் தனியே வைப்பார்.

தலைவர் அவர்களுக்கும், பொருளாளருக்கும், தணிக்கை செய்து தந்த அன்பருக்கும், கூட்டந்தோறும் தேநீர் ஏற்பாடு செய்த சகோதரிகளுக்கும், சனிக்கிழமைகளில் தவறாமல் வந்து பலகை அறுத்த நான்கு பேருக்கும் வட்டத்தின் நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். மாதிரிக்கு 60-க்கு 70 செ.மீ. அடிப்பலகையும், 95 செ.மீ. உயரத்துக்குத் தெளிவான அக்ரிலிக் மூடியும் வேண்டும். மூடி இல்லாமல் பொது இடத்தில் வைத்தால் முதல் வாரத்திலேயே மூலைத்துண்டு காணாமல் போகும். வடக்குப் பக்கத்து முன்கட்டு இன்னும் பாதியில் நிற்கிறது. நான்கு பேர் கையால் அதை முடித்தால் அடுத்த கோடை வந்துவிடும். எட்டுக் கை இன்னும் சேர்ந்தால் டிசம்பருக்குள் முடியும், டோவர் வடக்கு வாயிலைத் தொடங்கலாம். செயலாளர் பொறுப்புக்கு இதுவரை யாரும் பெயர் கொடுக்கவில்லை. நான் தொடர்வதா என்பதைப் பொதுக்குழுவில் எத்தனை பேர் வந்து உட்காருகிறார்கள் என்று பார்த்த பிறகு சொல்கிறேன்.

கருவிப் பெட்டியின் சாவி என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமை மதியம் 2 மணிக்கு வேலை தொடங்கும். ஃபோம் போர்டு அறுக்கத் தெரியாதவர்களும் வரலாம். கல் வரி கீறுவதற்கு ஆள் போதவில்லை. நிலுவைச் சந்தாவையும் அப்போதே கையில் கொடுத்துவிடலாம், ரசீதுப் புத்தகம் அங்கேயே இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்