காலை உள்ளூர் நேர்முக நிகழ்ச்சியை மீண்டும் நேரலையாக ஒலிபரப்பக் கோரும் மனு

அனுப்புநர்:
கோரையாற்றுக் கடைமடை விவசாயியும் இத்துடன் கையொப்பமிட்டுள்ள நேயர்களும்,
முத்துப்பேட்டை வட்டாரம், திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு நிலையத் தலைவர் அவர்கள்,
வானொலி நிலையம்.

பொருள்: காலை 7.30 மணி உள்ளூர் நேர்முக நிகழ்ச்சி – நேரலை நிறுத்தப்பட்டது – வருகிற பாசனப் பருவத்துக்கு முன் மீண்டும் தொடங்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. வைகாசியில் பதிவுத் தபாலில் அனுப்பிய மனு. 2. புரட்டாசியில் நேரில் அளித்த மனு. 3. மார்கழியில் அனுப்பிய நினைவூட்டு மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பார்வையில் கண்ட மூன்று மனுக்களில் முதல் மனுவுக்கு ஒப்புகை அட்டை வந்தது. இரண்டாவது மனுவுக்குத் தங்கள் அலுவலக முத்திரை கிடைத்தது. மூன்றாவது மனுவுக்கு இரண்டும் வரவில்லை. தங்கள் பணிச்சுமையை நாங்கள் அறிவோம். ஆயினும் அறுவடை முடிந்து வயல் காயும் இந்தப் பங்குனியில் எழுதாவிட்டால், அடுத்த தண்ணீர் வரும் நேரத்தில் மறுபடியும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க நேரும் என்பதால், நான்காவது முறையாகப் பணிவுடன் இம்மனுவைச் சமர்ப்பிக்கிறோம்.

1. நாள்தோறும் காலை 7.30 மணிக்கு நம் நிலையத்திலிருந்து நேரலையாக வந்துகொண்டிருந்த முக்கால் மணி நேர உள்ளூர் நேர்முக நிகழ்ச்சி, சென்ற சித்திரை மாதக் கடைசியில் முன்னறிவிப்பின்றி நிறுத்தப்பட்டது. அதே நேரத்தில் இப்போது பழைய ஒலிப்பதிவுகள் மறு ஒலிபரப்பாகின்றன.

2. அந்த நிகழ்ச்சிக்கு வந்தவர்கள் பெரும்பாலும் நம் பக்கத்து மனிதர்கள். மதகுகளில் பலகைகளை ஏற்றி இறக்கும் லஸ்கராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் ஒரு நாள் வந்திருந்தார். இருட்டில் விளக்கில்லாமல், பலகைக்குக் கீழே தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டே எத்தனை அடி போகிறது என்று சொல்லிவிடுவாராம். அந்தச் சத்தங்களை வாயாலேயே வேறுபடுத்திக் காட்டினார். அலையாத்திக் காட்டு ஓரத்தில் நண்டு பிடிக்கும் ஓர் அம்மா, தவில் கற்றுத் தரும் ஒருவர், கோமாரி நோய்க்குத் தடுப்பூசி போட ஊர் ஊராகச் செல்லும் கால்நடை மருத்துவர், கிராமச் செவிலியர் என்று வந்த எல்லோரிடமும் நேயர்கள் தொலைபேசியில் கேள்வி கேட்டார்கள், சில சமயம் சண்டையும் போட்டார்கள். கேள்விக்கு விடை தெரியாவிட்டால் மறுநாள் விசாரித்து வந்து சொன்ன அறிவிப்பாளர் அம்மையாரை எங்கள் ஊரில் இன்றும் விசாரிக்கிறார்கள்.

3. இவை எல்லாவற்றையும் இழந்ததுகூட ஒரு புறம் இருக்கட்டும். எங்களை உண்மையில் வருத்துவது அந்நிகழ்ச்சியின் முதல் பதினைந்து நிமிடம் போனதுதான். நம் பகுதியின் நிலை தாங்கள் அறியாததன்று. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம் என்றாலும், கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிந்து, நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பில் (தண்ணீரைப் பிரித்துவிடும் மதகில்) வெண்ணாறு மறுபடியும் பிரிந்து, கோரையாற்றின் வழியாகக் கடைமடைக்கு அந்தத் தண்ணீர் எப்போது வந்து சேரும் என்பதை எந்தச் செய்தி அறிக்கையும் சொல்வதில்லை. அணையில் 120 அடியும் நிரம்பி நிற்கிறது என்ற செய்தியைக் கேட்டுக்கொண்டே, ஒரு சாண் தண்ணீர் இல்லாத வாய்க்காலைப் பார்த்தபடி நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம். முறை வைத்துத் தண்ணீர் விடும் நாள்களில் எந்தத் தலைப்பில் எத்தனை பலகை தூக்கியிருக்கிறது, எந்த வாய்க்காலுக்கு இன்று முறை, கரை உடைப்பால் எங்கே நின்றுவிட்டது என்பதைப் பாசனப் பொறியாளரையோ களப் பணியாளரையோ தொலைபேசியில் அழைத்து ஒவ்வொரு காலையும் கேட்டுச் சொன்னது அந்தப் பதினைந்து நிமிடம் மட்டுமே.

சென்ற ஆவணியில் நடந்ததைச் சொல்கிறேன். கிழமை தவறாமல் செவ்வாயன்று எங்கள் வாய்க்காலில் தண்ணீர் ஏறிவிடும் என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது. யார் எழுதியது என்று தெரியாது. முன்பென்றால் வானொலியில் கேட்டு உறுதி செய்துகொண்டிருப்போம். கேட்க இடமில்லாததால் நம்பினேன். நான்கு ஏக்கருக்குச் சி.ஆர். 1009 நெல் விதை, 30 கிலோ மூட்டை நான்கு, ஞாயிறு அதிகாலையில் ஊறப் போட்டேன். ஒரு நாள் ஊறியது. மறுநாள் தண்ணீரை வடித்து, வைக்கோலால் மூடி, ஈரச் சாக்கு போர்த்தி முளை கட்ட வைத்தேன். செவ்வாய்க்கிழமை விதை வெள்ளைப் பொட்டு வைத்தது போல அழகாக முளைத்திருந்தது. தண்ணீர் வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை. நாற்றங்காலைச் சேறாக்கிச் சேடை ஓட்டுவதற்கு ஈரமில்லாமல் மண் பாளம் பாளமாகக் கிடந்தது. அன்று இரவு என் மகனும் நானும் வண்டியில் வாய்க்கால் தலைப்புவரை போய் டார்ச் அடித்துப் பார்த்தோம். பலகை இறங்கியிருந்தது. எப்போது தூக்குவார்கள் என்று கேட்க அங்கே ஆள் இல்லை. வியாழக்கிழமை மூட்டைக்குள் கையை விட்டால் காய்ச்சல்காரர் நெற்றியைத் தொடுவது போலச் சுட்டது. முளையும் வேரும் பின்னிக்கொண்டு, பிரித்தால் ஒடிந்தன. புளித்த வாடை வந்தது. வெள்ளிக்கிழமை நான்கு மூட்டையையும் வரப்போரம் கொட்டினேன். தண்ணீர் சனிக்கிழமை மாலை வந்தது. மதகு ஒன்றைப் பழுது பார்ப்பதற்காக முறையை நான்கு நாள் தள்ளி வைத்திருந்தார்கள் என்று அதன் பிறகுதான் தெரிந்தது. விதை ஊறப் போடுவதற்கு முந்தின நாள் காலையிலேயே ஒருவர் அதை வானொலியில் சொல்லியிருந்தால், என் வீட்டில் விதை ஊறியே இருக்காது.

மனைவியின் தோட்டை அடகு வைத்து மறு விதை வாங்கி நாற்று விட்டதில் பதினைந்து நாள் பிந்தியது. தையில் அறுக்க வேண்டியது மாசிக்குப் போயிற்று. எங்கள் தெருவில் மட்டும் ஆறு வீட்டில் இதே கதை. ஐயா, முளை கட்டிய விதையை வைத்துக்கொண்டு பதில் வரும்வரை காத்திருக்க முடியாது.

4. புரட்டாசியில் நேரில் வந்தபோது, எல்லாம் செல்பேசிச் செயலியில் கிடைக்கிறது, அதில் கேட்கலாமே என்று தங்கள் அலுவலகத்தில் கூறினார்கள். நடவு வயலில் இருபது பெண்கள் குனிந்து நிற்கும்போது, வரப்பில் வைத்த ஒரே ஒரு வானொலிப் பெட்டி அத்தனை பேருக்கும் கேட்கும். சேற்றுக் கையோடு யார் செயலியைத் திறப்பது? 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்த பிறகு, மின்கம்பமும் செல்பேசிக் கோபுரமும் சாய்ந்து கிடந்த வாரங்களில், பேட்டரியில் ஓடிய வானொலி மட்டுமே எங்களோடு பேசியது என்பது தங்களுக்குத் தெரியும்தானே?

5. மறு ஒலிபரப்பைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறோம். வெளியே கார்த்திகை மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், வயலில் நீரை வடிக்க வழி தெரியாமல் நாங்கள் நின்றிருந்தபோது, வானொலியில் வேளாண் அலுவலர் ஒருவர் கோடை உழவின் நன்மைகளை விளக்கிக்கொண்டிருந்தார். அவர் மீது எந்தக் குற்றமும் இல்லை. அவர் அதைச் சித்திரை வெயிலில் பேசியிருப்பார். அன்று கேள்வி கேட்க எண்ணை அழைத்தால், மணி அடித்து அடித்து நின்றுபோனது. மறுநாளும் அப்படியே.

6. இந்த டெல்டாவில் வானொலி சும்மா பொழுதுபோக்காக இருந்ததில்லை. ஆடுதுறை-27 நெல் 1960-களில் தஞ்சைப் பகுதியில் பரவியபோது, வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகளைக் கேட்டுப் பயிரிட்டதால் மக்கள் அதற்கு ரேடியோ நெல் என்றே பெயர் வைத்தார்கள். என் தகப்பனார் அந்தப் பெயரைச் சொல்லித்தான் விதை கேட்பார். ஒரு நெல்லுக்கே தன் பெயரைக் கொடுத்த வானொலிக்கு, அந்த நெல் விளைந்த வயலுக்குத் தண்ணீர் வருகிறதா என்று காலையில் கேட்டுச் சொல்ல முடியாதா?

7. ஆள் பற்றாக்குறை என்கிறார்கள். இருக்கலாம். அப்படியானால் முக்கால் மணி நேரமும் வேண்டாம், முதல் பதினைந்து நிமிடத்தையாவது தாருங்கள். ஆண்டு முழுவதும் முடியாவிட்டால், தண்ணீர் திறப்பதிலிருந்து தை மாதம்வரையாவது தாருங்கள். விருந்தினர்களை ஊரிலிருந்து அழைத்துவர வாகனம் இல்லையென்றால், நாங்கள் எங்கள் செலவில் அழைத்து வருகிறோம்.

ஆகவே, வருகிற ஜூன் 12-க்கு முன்பாகக் காலை 7.30 மணி நிகழ்ச்சியை நேயர் தொலைபேசியுடன் நேரலையாகத் தொடங்க ஆணையிடுமாறு மீண்டும் பணிவுடன் வேண்டுகிறோம். இயலாது என்றால், இயலாது என்பதையாவது எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறோம். ஆவணியில் விதையை ஊறப் போடுவதா வேண்டாமா என்று நாங்கள் வேறு வழி பார்த்துக்கொள்ள வேண்டும்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கோரையாற்றுக் கடைமடை நேயர்கள்.

இணைப்பு: முந்தைய மூன்று மனுக்களின் நகல்கள், ஒப்புகை அட்டை நகல், நேயர்களின் கையொப்பங்கள்.