ரபுன்சல் கதையைப் பாதியில் நிறுத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் குறி பார்க்கப் பயன்படும் டாரட் என்ற படச் சீட்டுகளையும் தேவதைக் கதைகளையும் சேர்த்து எழுதியிருந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் இதைப் பற்றி அதிகம் யாரும் எழுதுவதில்லை, படங்களையும் பெரிதாகப் போட்டிருந்தீர்கள், சந்தோஷம். ஆனால் கட்டுரையாளர் ஒரு கதை விடாமல் எல்லாவற்றையும் சர்க்கரைப் பாகில் முக்கி எடுத்திருக்கிறார். டவர் (கோபுரம்) கார்டு வந்தால் ரபுன்சலாம், அடைபட்டவளுக்கு விடுதலையாம். டெத் (மரணம்) கார்டு வந்தால் தூங்கும் அழகி, பயப்பட வேண்டாம், நல்ல மாற்றம் வரப்போகிறது. ஃபூல் (முட்டாள்) கார்டு என்றால் துணிந்து குதியுங்கள். பணம் கொடுத்து கார்டு பார்க்க வருகிறவர் மனம் நோகக்கூடாது என்பது புரிகிறது. நம்ம ஊர் கிளி ஜோசியக்காரர்கூட கெட்ட சீட்டு வந்தால் அதைச் சொல்லிவிட்டுத்தான் பரிகாரத்துக்குப் போவார்.

ஜெர்மானிய நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் ரபுன்சலையே எடுத்துக்கொள்ளுங்கள். மசக்கையில் இருக்கிற ஒருத்தி பக்கத்துத் தோட்டத்துக் கீரைக்கு ஆசைப்படுகிறாள், புருஷன் சுவரேறித் திருடிக்கொண்டு வருகிறான், கையும் களவுமாக மாட்டிக்கொண்டதும் பிறக்கப்போகிற பிள்ளையைச் சூனியக்காரிக்குத் தருவதாக ஒப்புக்கொள்கிறான். அந்தப் பிள்ளைதான் ரபுன்சல், பன்னிரண்டு வயதில் கோபுரத்தில் அடைபடுகிறாள். 1812இல் வந்த முதல் பதிப்பில், "என் துணியெல்லாம் ஏன் இப்படி இறுக்கமாகிக்கொண்டே போகிறது?" என்று ரபுன்சல் வெகுளியாகக் கேட்பதால்தான் அவள் கர்ப்பமாக இருப்பதும், அவள் கூந்தலைப் பிடித்து ஏறி இளவரசன் வந்துபோகிற விஷயமும் வெளியே தெரிகிறது. பிள்ளைகள் படிக்கிற புத்தகத்தில் இது வேண்டாம் என்று பிந்தைய பதிப்புகளில் மாற்றிவிட்டார்கள். சரி, அது போகட்டும். கூந்தலை வெட்டி அவளை வனாந்தரத்தில் கொண்டுபோய் விட்டுவிடுகிறாள் சூனியக்காரி. இது தெரியாமல் ஏறி வந்த இளவரசன் மனமுடைந்து மேலிருந்து குதிக்கிறான், உயிர் பிழைக்கிறான், ஆனால் கீழே இருந்த முட்கள் அவன் கண்களைக் குத்திவிடுகின்றன. வருஷக்கணக்கில் கிழங்கும் காயும் தின்றுகொண்டு குருடனாகக் காட்டில் அலைகிறான்.

இப்போது டவர் கார்டைப் பாருங்கள். இடி விழுந்து உச்சியில் இருந்த கிரீடம் பெயர்ந்துபோக, ஜன்னல்களில் தீ எரிய, இரண்டு பேர் கோபுரத்திலிருந்து விழுந்துகொண்டிருக்கிறார்கள். இதில் விடுதலை எங்கே வந்தது? கட்டுரையாளர் கதையில் எந்த இடத்தைக் கழற்றிவிட்டாரோ, கார்டில் இருப்பது அந்த இடம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டவர் பதினாறாவது கார்டு, அதற்கு அடுத்தது ஸ்டார் (நட்சத்திரம்). ஒரு பெண் குளக்கரையில் மண்டியிட்டு இரண்டு குடங்களிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பாள், ஒன்று குளத்துக்கு, ஒன்று தரைக்கு. கதையிலோ அலைந்து அலைந்து கடைசியில் இளவரசன் அந்த வனாந்தரத்துக்கே வந்து சேருகிறான், இரட்டைக் குழந்தைகளோடு இருக்கும் ரபுன்சல் அவனைக் கட்டிக்கொண்டு அழுகிறாள், அவள் கண்ணீர் இரண்டு சொட்டு அவன் கண்ணில் பட்டுப் பார்வை திரும்புகிறது. வரைந்தவர் இதை மனதில் வைத்துத்தான் வரைந்தார் என்று நான் சொல்ல வரவில்லை, அது என் கற்பனை. ஆனால் கதை முழுசாகக் கையில் இருந்தால்தான் இப்படி ஒன்று கண்ணில் படும். கல்யாணம் முறிந்து வந்து உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு டவர் வந்தால், "விடுதலை கிடைத்துவிட்டது" என்று சொல்வதைவிட, "கொஞ்ச காலம் வழி தெரியாமல்தான் இருக்கும், அப்புறம் தெளியும்" என்று சொல்வது நியாயமில்லையா? கார்டுக்கு எதிர்காலம் தெரியும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ஆனால் எதிரே இருப்பவர் தன் நிலைமையைத் தானே ஒருமுறை பார்த்துக்கொள்ள ஒரு கதை உதவும், அது நிச்சயம்.

டெத் கார்டிலும் இதே குறைதான். அதன் எண் பதின்மூன்று. கிரிம் சொன்ன தூங்கும் அழகி கதையில் ராஜாவிடம் தங்கத்தட்டு பன்னிரண்டுதான் இருந்ததால் விருந்துக்கு அழைக்காமல் விட்ட பதின்மூன்றாவது மந்திரக் கிழவிதான் குழந்தைக்குச் சாபம் கொடுக்கிறாள். கார்டில் எலும்புக்கூட்டு வீரன் பிடித்திருக்கும் கறுப்புக் கொடியில் வெள்ளை ரோஜா, கதையில் அரண்மனையைச் சுற்றி ரோஜா முள்வேலி. பொருத்தமெல்லாம் அருமை. ஆனால் அந்த வேலியில் எத்தனையோ இளவரசர்கள் சிக்கிச் செத்துப்போனதையும், கடைசியாக வந்தவன் கத்தியைக்கூட எடுக்கவில்லை, அவளுடைய நூறு வருஷத் தூக்கம் முடிந்த நாளில் வந்தான், முள்ளெல்லாம் பூவாகித் தானே வழிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? முன்னால் வந்தவர்கள் வீரத்தில் குறைந்தவர்கள் இல்லை. நேரம் வரவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் அந்த எகிப்து சமாச்சாரம். இந்தக் குறியீடுகள் பழைய எகிப்தின் ரகசிய ஞானம் என்று ஒரு வரி வருகிறது. 1781இல் கூர் த ஜெபலின் என்ற பிரெஞ்சுக்காரர் கிளப்பிவிட்டது அது. எகிப்திய எழுத்தைப் படிக்கவே 1822 வரை ஆளில்லை, இவர் எதைப் படித்துச் சொன்னாரோ! டாரட் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் பிறந்த சீட்டாட்டம், பிரான்ஸில் இன்றைக்கும் அதை ஆட்டமாகவே ஆடுகிறார்கள். மிலானை ஆண்ட விஸ்கோன்தி, ஸ்ஃபோர்ஸா குடும்பங்களுக்காக வரைந்த பழைய சீட்டுக்கட்டில் ஃபூல் ஒரு கந்தல் பிச்சைக்காரன், தலையில் இறகு செருகியிருப்பான். மலை விளிம்பு, குட்டி நாய், தோளில் கம்பில் கட்டிய மூட்டை, கையில் வெள்ளைப் பூ, இப்படி எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்து அவனைக் கதையில் வரும் கடைக்குட்டி மாதிரி ஆக்கியது 1909இல் லண்டனில் வெளிவந்த கட்டுதான்.

அதை வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித். உங்கள் கட்டுரையில் அவர் பெயர் ஓர் இடத்தில்கூட இல்லை. லண்டனில் பிறந்து, சிறுவயதில் ஜமைக்காவில் வாழ்ந்து, அங்கே கேட்ட அனான்சி என்ற தந்திரச் சிலந்தியின் கதைகளை 1899இல் படங்களோடு புத்தகமாகப் போட்டவர், லண்டன் வீடுகளில் வேஷம் கட்டி அதே கதைகளை ஜமைக்கா பேச்சிலேயே சொல்லிக் காட்டியவர், லைசியம் நாடகக் குழுவோடு ஊர் ஊராகச் சுற்றியவர். அதற்கு முன்னால் சின்ன கார்டுகளில், அதாவது டவர், டெத் போல் தனிப் பெயர் இல்லாதவற்றில், பெரும்பாலும் ஐந்து கோப்பை என்றால் வெறும் ஐந்து கோப்பைதான் இருக்கும். இவர் அங்கே கறுப்புப் போர்வையில் ஒருவரை நிறுத்தி, மூன்று கோப்பையைக் கவிழ்த்து, இரண்டை அவர் முதுகுக்குப் பின்னால் நிமிர்த்தி வைத்து, தூரத்தில் ஒரு பாலத்தையும் போட்டார். கார்டுகள் தேவதைக் கதை மாதிரி இருப்பதற்கு எகிப்தோ கிகிப்தோ காரணமில்லை, ஒரு கதைசொல்லி வரைந்ததுதான் காரணம். பெரிய வேலை ஒன்றை முடித்தேன், காசு ரொம்பக் கம்மி என்று 1909 நவம்பரில் புகைப்படக் கலைஞர் ஸ்டீக்லிட்ஸுக்கு எழுதினார். 1951இல் கடனோடுதான் இறந்தார்.

கட்டுக்கு வெளியீட்டாளர் ரைடர் பெயரும் யோசனை சொன்ன வெயிட் பெயரும்தான் நிலைத்தன, உங்கள் படங்களுக்குக் கீழேயும் "ரைடர் வெயிட்" என்றே போட்டிருக்கிறீர்கள். இந்தத் தொடர் அடுத்த இதழிலும் வருகிறது என்று அறிவித்திருப்பதால் கேட்கிறேன்: அடுத்த முறை படங்களுக்குக் கீழே அவர் பெயரைப் போடுங்கள். சிண்டரெல்லாவைத் தொடப்போவதாக இருந்தால், செருப்புக்குள் கால் நுழைய அக்காக்கள் விரலையும் குதிகாலையும் வெட்டிக்கொண்டதையும் விடாமல் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
திருச்சி