மூன்று துறையும் ஒருநாள் சேர்ந்து உட்காருங்கள்: டீன் அவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவமனை டீன் அவர்களுக்கு,

வணக்கம். மராத்தியில் கொடுத்த மனுவுக்குப் பதில் வரவில்லை. நம்மவர்களும் படிக்கட்டும் என்று இதைத் தமிழில் எழுதுகிறேன். அண்ணனின் மேல்தாடைக் கட்டி பற்றிய விவரமெல்லாம் உங்கள் கேஸ் பேப்பரிலேயே இருக்கிறது.

போன வாரம் நியூரோ (மூளை, நரம்பு அறுவைப் பிரிவு) ஓ.பி.யில் காலையிலிருந்து வரிசையில் நின்றோம். அண்ணனுக்கு இப்போது வாய்க்குள் ஒரு விரல்கூட நுழையாது. ஊசியைக் கழற்றிய சிரிஞ்சில் கஞ்சியை எடுத்து, கன்னத்தோரமாகச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தார் அண்ணி. உள்ளே போனதும், “இது பழைய ஸ்கேன், புதுசு எடுத்து வாங்க” என்று அனுப்பிவிட்டார்கள். புதுப் படம் வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் அது பழசானது எங்களாலா ஐயா? தாடை அறுவைப் பிரிவு ஈ.என்.டி.க்கு (காது, மூக்கு, தொண்டைப் பிரிவு) எழுதியது, ஈ.என்.டி. நியூரோவுக்கு எழுதியது. ஒவ்வொரு தேதிக்கும் காத்திருந்தே நாள் போய்விட்டது.

அண்ணனுக்கு வந்திருக்கும் அமிலோபிளாஸ்டோமா என்ற இந்தத் தாடைக் கட்டி புற்றுநோய் இல்லை. அதனால் அவசரமும் இல்லை என்றுதான் எல்லோரும் நடத்துகிறார்கள். மேல்தாடை எலும்பு மெல்லியது, கட்டி சைனஸ் வழியாகக் கண்குழிக்கும் மண்டையோட்டின் அடிப்பகுதிக்கும் ஏறிவிடும் என்று எங்களுக்குச் சொன்னதே உங்கள் டாக்டர்கள்தான். முன்பு வேறொரு கிளினிக்கில் சுரண்டி எடுத்தார்கள், திரும்ப வந்துவிட்டது. இந்த முறை சுற்றிலும் 1 முதல் 2 செ.மீ. நல்ல எலும்பையும் சேர்த்து எடுக்க வேண்டும், அதுவும் மூளைக்குப் பக்கத்தில் என்பதால் மூன்று துறையும் ஆப்பரேஷன் தியேட்டரில் இருக்க வேண்டும் என்கிறார்கள்.

அப்படியானால் மூன்று பேரும் முன்கூட்டியே ஒரே அறையில் உட்கார்ந்து அண்ணனைப் பார்க்கட்டும். கேட்பது இவ்வளவுதான். புற்றுநோய்க்குப் பல துறை டாக்டர்களும் சேர்ந்து பேசும் டியூமர் போர்டு கூடுகிறதே, இதற்கும் கூடட்டும்.

குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்று அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டை கொடுத்திருக்கிறார்கள். அட்மிஷன் போட்டால்தான் அது செல்லும். அதுவரை ஸ்கேனுக்கும் டாக்சிக்கும் தினக்கூலிக்காரன் கடன்தான் வாங்க வேண்டும். தாராவியில் இப்படிக் கடன்பட்ட வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. எந்த அமைச்சர் வந்து இதைக் கேட்டார்?

கோபத்தில் பேச்சு வளர்ந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒருநாள் மூன்று துறைக்கும் கூட்டு ஓ.பி. வையுங்கள், அண்ணனை முதல் நாளிலேயே பாருங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஆப்பரேஷன் தேதியை முதலில் குறித்துக் கொடுங்கள். அதற்கு முந்தைய வாரம் புது ஸ்கேனோடு வந்து நிற்கிறோம்.

இப்படிக்கு,
நோயாளியின் தம்பி,
90 அடி சாலை, தாராவி, மும்பை