அந்தத் திரையில் இருந்தது எங்கள் லயம்

இலங்கை மலையகத்தில் சூழல் பாதுகாப்புப் பணி செய்யும் நண்பர்களுக்கு,

வணக்கம். எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்தில் நடந்த கருத்தரங்கில், வண்ணத்துப்பூச்சிகள் குறைவதற்கு முதற்காரணம் சனத்தொகைப் பெருக்கம் என்றீர்கள். அப்போது திரையில் ஒரு லயத்தின், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளின், படம். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அப்படியொரு லயத்திலிருந்துதான் வந்திருந்தார்கள். உயிரியல் படித்த நானும் அங்கே பிறந்தவள்தான். மனசு வலித்தது.

அமெரிக்க உயிரியலாளர் பால் எர்லிக்கின் பெயரையும் சொன்னீர்கள். கலிபோர்னியாவில் ஒரே குன்றின் வண்ணத்துப்பூச்சிகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தவர். 1970களில் கோடிக்கணக்கானோர் பட்டினியால் சாவார்கள் என்று 1968இல் எழுதினார். அவர் சொன்ன அளவில் அது நடக்கவில்லை. சரி, அதை விடுவோம். பிறகு சூழல் பாதிப்பைக் கணக்கிட, ஜோன் ஹோல்ட்ரன் என்ற விஞ்ஞானியும் அவரும் தலைக்கணக்கோடு நுகர்வையும் தொழில்நுட்பத்தையும் சேர்த்தே பெருக்கிப் பார்த்தார்கள். நீங்கள் தலைகளை மட்டும் எண்ணினீர்கள்.

தலைகளையே எண்ணுவோமே. குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் என்று பதிவான எங்கள் மக்கள் 1971இல் ஏறக்குறைய 11 லட்சத்து 75 ஆயிரம் பேர். 1981இல் 8 லட்சத்து 18 ஆயிரம் பேர். இலங்கையும் இந்தியாவும் 1964இல் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குக் கப்பலேற்றப்பட்டவர்களை நினைத்துப் பாருங்கள். காடு அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, முதலில் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் அழிந்துவிட்டது. எங்கள் பாட்டன்மார் கையில் இருந்தது கோடரிதான். காணியும் இலாபமும் வேறு கைகளில் இருந்தன.

எர்லிக்கிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அவருடைய புழுக்களைத்தான். புழு வளர்ந்து முடியுமுன் அதன் செடி காய்ந்துவிட்டால், அந்த ஆண்டு பூச்சிகள் குறைந்துபோகும். நம் தேசிய வண்ணத்துப்பூச்சியின் புழுவும் ஈஸ்வரமூலி வகைக் கொடிகளை நம்பித்தான் இருக்கிறது. தேயிலைக்கு நடுவே இப்படிப்பட்ட செடிகொடிகளுக்கு மிச்சமிருக்கும் இடம் ஓடைக்கரையும் கானோரமும் (வடிகால் ஓரமும்). அங்கேயும் புல்லு மருந்து, அதாவது களைக்கொல்லி, விழுகிறது. என் அப்பா டாங்கியை முதுகில் சுமந்து மருந்தடித்தவர். ஓடைக்கரையையும் விடாதே என்பது மேலிருந்து வந்த உத்தரவு. அவருக்கு அதில் என்ன பேச்சு இருந்தது?

ஆகவே, ஓடையின் இரு கரையிலும் சில அடி அகலத்தை மருந்தடிக்காமல் விடும்படி கம்பனிகளிடம் பேசுங்கள். பிள்ளைகளுக்குத் தமிழில் ஒரு படக் கையேடு தாருங்கள். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்கு வந்துபோகும் பூச்சிகளை மாதாமாதம் அவர்களே எண்ணிக் குறிப்பார்கள். சிவனொளிபாதமலையைச் சிங்களத்தில் சமனல கந்த, வண்ணத்துப்பூச்சி மலை, என்கிறார்கள். அந்த மலையை நோக்கிப் பூச்சிகள் கூட்டமாகப் பறக்கும் மார்ச், ஏப்ரலில் தொடங்கலாம்.

அடுத்த முறை அந்தப் படம் இல்லாமல் வாருங்கள். ஓடைக்கரைக்கு நானே கூட்டிப்போகிறேன்.

அன்புடன்,
ஒரு தோட்டத்துப் பிள்ளை