கையெழுத்துப் போடுவதற்கு முன்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வேலை நின்றுபோய் நான்கு மாதமாகிறது என்பதையும், பழைய சக ஊழியர் ஒருவர் பொருளை விற்று, ஆட்களையும் சேர்த்துக் கமிஷன் வாங்கும் நெட்வொர்க் மார்க்கெட்டிங்கில் சேர உன்னை அழைப்பதையும், ஞாயிற்றுக்கிழமைக்குள் பணம் கட்டச் சொல்வதையும் படித்தேன். முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடு. நல்ல தொழில் என்றால் அது அடுத்த மாதமும் நல்ல தொழிலாகவே இருக்கும். உனக்கு யோசிக்க நேரம் கிடைக்கக் கூடாது என்று நினைப்பவர்தான் கெடு வைப்பார்.

அவர் தந்த பிளானை, அதாவது யாருக்கு எவ்வளவு கமிஷன் என்று சொல்லும் திட்டத்தாளை, எடுத்து வைத்துக்கொண்டு, புதிதாக ஒருவரைக்கூடச் சேர்க்காமல் பொருளை மட்டும் விற்றால் மாதம் எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போட்டுப் பார். கமிஷனில் பங்கில்லாத ஒருவர் அந்தப் பொருளை அந்த விலைக்கு இரண்டாம் முறையும் கேட்டு வாங்குவாரா என்பதுதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 1979இல், ஆம்வே என்ற நேரடி விற்பனை நிறுவனம் பிரமிட் திட்டம் (பொருள் விற்பனையை அல்ல, ஆள் சேர்ப்பதையே நம்பி ஓடும் மோசடி) அல்ல என்று முடிவு செய்தபோதும் இந்த இடத்தைத்தான் பார்த்தது: தேங்கிய சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும், உறுப்பினர் தான் வாங்கியதில் 70 சதவீதத்தையாவது விற்றிருக்க வேண்டும், மாதம் 10 வாடிக்கையாளர்களுக்காவது சில்லறையில் விற்றிருக்க வேண்டும் என்ற விதிகள் அங்கே இருந்தன. அதே உத்தரவு, வருமானத்தை மிகைப்படுத்திச் சொல்லக் கூடாது என்றும் அந்த நிறுவனத்துக்குக் கட்டளையிட்டது. உன்னை அழைக்கும் நிறுவனத்தில் இப்படிப்பட்ட விதிகள் எழுத்தில் உண்டா, அவற்றை யாராவது கடைப்பிடிக்கிறார்களா என்று விசாரி.

இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர், இரண்டே பேர் போதும் என்று சொன்னாராம். முதல் வரிசையில் ஒருவர், அவருக்குக் கீழே இருவர், அந்த ஒவ்வொருவருக்கும் கீழே இருவர் என்று ஒரு தாளில் வரைந்து பார். பத்து வரிசை முழுமையாக நிரம்பினால் கடைசி வரிசையில் 512 பேர். அவர்களுக்கு மேலே உள்ள ஒன்பது வரிசைகளையும் சேர்த்தால் 511 பேர்தான். அதாவது எல்லாம் சொன்னபடியே நடந்தாலும், எந்த வரிசை நிரம்பி நிற்கும்போதும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கீழே ஒருவரும் இருக்க மாட்டார்கள். சோம்பேறித்தனத்தால் அல்ல, அந்த அமைப்பே அப்படித்தான். 34ஆம் வரிசைக்கு மட்டும் 859 கோடி பேர் வேண்டும். உலகத்தின் மொத்த மக்கள்தொகையே அவ்வளவு இல்லை.

செலவையும் எழுது. 'ஆக்டிவாக', அதாவது கமிஷன் பெறும் தகுதியோடு, இருக்க மாதாமாதம் கட்டாயம் வாங்க வேண்டிய பொருள், பயிற்சிக் கூட்டத்துக்கான கட்டணம், போக்குவரத்து, எல்லாம் உன் பையிலிருந்துதான் போகும். மேடையில் காட்டும் காசோலையில் இவை கழிக்கப்படுவதில்லை.

இதையெல்லாம் நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நானும் இப்படி ஒரு நிறுவனத்தில் சேர்ந்த அன்றே, என் அப்லைன், அதாவது என்னைச் சேர்த்துவிட்டவர், ஒரு நோட்டைக் கொடுத்து, தெரிந்தவர்கள் 100 பேரின் பெயரை எழுதச் சொன்னார். தகுதி நிலையைத் தக்கவைப்பதற்காக நானே வாங்கிய சத்துமாவு டின்கள் பரணில் கிடந்து, ஒரு நாள் திறந்து பார்த்தபோது கரண்டி இறங்காத கட்டியாக இறுகிப்போயிருந்தன. திருப்பித் தருவதற்கு 30 நாள் கெடு என்று ஒப்பந்தத்தில் இருந்ததை அதற்குப் பிறகுதான் படித்தேன்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் மூன்றாவது பெயர் உன்னுடையது. நீ சேர மறுத்தாய். 'எதிர்மறையாகப் பேசுகிறவர்களை விலக்கி வையுங்கள்' என்று கூட்டத்தில் சொன்னதை நம்பி, ஏறக்குறைய ஓராண்டு நான் உன்னிடம் பேசாமல் இருந்தேன். அதற்காக உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன்.

அன்று அவ்வளவு தெளிவாக மறுத்த நீ இன்று யோசிக்கிறாய் என்றால், வீட்டில் நெருக்கடி கூடியிருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. இந்த மாதம் எவ்வளவு தேவைப்படும் என்று கூச்சப்படாமல் எழுது. பிளானையும் ஒப்பந்தத்தையும் நகலெடுத்து அனுப்பு; இருவருமாக ஒவ்வொரு வரியாகப் படிப்போம். அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதே.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்