அம்மாவின் கட்டைவிரல்

முக்கூடல்,
ஞாயிறு காலை.

அன்பு மாப்ள,

உன் கடிதம் கிடைச்சது. மெல்போர்ன் குளிர்ல முட்டி வலிக்குதுன்னு எழுதியிருக்க. வயசாகுதுல! இங்க கார் சாகுபடிக்குத் தண்ணி திறந்தாச்சு, ஆத்துல இடுப்பளவு ஓடுது.

போன வாரம் அம்மாவை ரேஷன் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். முப்பது வருசம் பீடி சுத்துன கை, ரேகையெல்லாம் தேஞ்சு வழுவழுன்னு இருக்கு. மெஷின் ஏத்துக்கல. சேலைத் தலைப்புல துடைச்சுத் துடைச்சு ஒவ்வொரு விரலா வெச்சுப் பாத்தா. கடைக்காரர் எங்க தெருக்காரர். "பெரியம்மாவை எனக்குத் தெரியுது, இதுக்குத் தெரியலயே" என்றார். கடைசியில என் போனுக்கு வந்த ஓடிபியைச் சொல்லித்தான் அரிசி வாங்கினோம். நான் ஊர்ல இல்லாத மாசம்?

உங்க ஊர் ரோபோடெட், அதான் உதவித்தொகையை அதிகமா வாங்கிட்டாங்கன்னு கம்ப்யூட்டரே கணக்குப் போட்டு மக்கள் மேல கடன் ஏத்துன அரசாங்கத் திட்டம், அதைப் பத்தி நீ அன்னைக்குச் சொன்னப்ப நான் காதுல வாங்கல. இப்பதான் தேடிப் படிச்சேன். ஒருத்தன் ஆறு மாசம் வேலையில்லாம உதவித்தொகை வாங்குறான், அடுத்த ஆறு மாசத்துல 26,000 டாலர் சம்பாதிக்கிறான். கம்ப்யூட்டர் அதை 26-ஆல வகுத்து, ரெண்டு வாரத்துக்கு ஆயிரம்னு வருசம் முழுக்கப் பரப்பிடுது. அப்ப சும்மா இருந்த மாசத்துலயும் சம்பாதிச்சிருக்க, வாங்குன பணத்தைத் திருப்பிக் கட்டுன்னு கடிதம் போகுது! ஐப்பசி மழையைப் பன்னெண்டா பிரிச்சு, சித்திரையிலயும் பெஞ்சதுன்னு சொல்ற கணக்கு.

இதுல என்னடா பெரிய அல்காரிதம்? அஞ்சாங்கிளாஸ் வகுத்தல். எனக்கு ஆறாதது வேற. முன்னாடி சந்தேகம் வந்தா அதிகாரிதான் விசாரிக்கணும். இந்தத் திட்டத்துல, நான் தப்பு செய்யலன்னு அஞ்சு வருசத்துக்கு முந்தின சம்பளச் சீட்டைத் தேடிக் காட்ட வேண்டியிருந்தது அந்தப் பையன். 2016-ல பெரிய அளவுல ஆரம்பிச்சதை, சட்டப்படி செல்லாதுன்னு 2019 நவம்பர்ல கோர்ட்ல அரசாங்கமே ஒத்துக்கிடுச்சு. அடுத்த வருசம் 4,70,000 கடன்களுக்கு 72.1 கோடி டாலர் திருப்பித் தர்றதா அறிவிச்சாங்க. இதை விசாரிக்க அரசாங்கம் போட்ட ராயல் கமிஷன் முன்னாடி, கடன் கடிதம் வந்த பிறகு பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரும் வந்து பேசியிருக்காங்க. அதைப் படிச்சுட்டு அன்னைக்குத் தூக்கம் வரல.

உன் மக டேட்டா சயின்ஸ் படிக்கிறால்ல, அவகிட்ட ஒண்ணு கேளு. இந்த மாதிரிக் கணக்கு தப்பாச்சுன்னா யார்கிட்ட போய் நிக்கணும்னு அவங்க வகுப்புல சொல்லித் தர்றாங்களா?

அம்மா உன்னை விசாரிச்சா. நாளைக்கு மறுபடி ரேஷன் கடைக்குப் போகணுமாம், பருப்பு வந்திருக்கு. விரலுக்குத் தேங்காண்ணெய் தடவிட்டு உக்காந்திருக்கா.

உன்,
மாப்ள