செயலாளர் ஆண்டறிக்கை: குறைந்த செலவில் ராமன் நிறமாலைமானி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழு, பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கல்லூரி ஆய்வகங்களுக்கும் சிறு ஆராய்ச்சிக் குழுக்களுக்கும் கைக்கெட்டும் செலவில் ராமன் நிறமாலைமானி (பொருளின் மீது லேசர் ஒளியைப் பாய்ச்சி, நிறம் மாறிச் சிதறும் ஒளியைக் கொண்டு அது என்ன பொருள் என்று காட்டும் கருவி) அமைத்துத் தரும் பணியில் இந்த ஆண்டு கணிசமாக முன்னேறியிருக்கிறோம். மாணவர்களை நம்பி ஒப்படைக்கக்கூடிய கருவி இப்போது நம்மிடம் இருக்கிறது. இதற்காக விடுமுறை நாள்களையும் விட்டுக்கொடுத்து உழைத்த உறுப்பினர்களுக்கு முதலில் நன்றி.

எதில் சிக்கனம் பிடிப்பது, எதில் பிடிக்கவே கூடாது என்பதுதான் செயற்குழுவில் அதிகம் விவாதிக்கப்பட்டது. பொருளின் மீது விழும் ஒளியில் ஏறத்தாழ ஒரு கோடி ஃபோட்டான்களுக்கு ஒன்றுதான் நிறம் மாறிச் சிதறுகிறது. அதைவிடப் பன்மடங்கு ஒளி லேசரின் அதே அலைநீளத்தில் திரும்பி வருகிறது. அதைத் தடுக்கும் வடிகட்டி மட்டமாக அமைந்தால் மற்ற எல்லா உழைப்பும் வீண். ஆகவே வடிகட்டிக்கும் லேசருக்கும் தாராளமாகச் செலவிட்டோம். உடற்பகுதியைக் கறுப்புப் பிளாஸ்டிக்கில் முப்பரிமாண அச்சில் எடுத்தோம். நுண்ணோக்கியின் பழைய பொருளருகு லென்சே போதுமானதாக இருந்தது. உணரியாக, பார்கோடு படிப்பான்களில் பயன்படும் 3648 பிக்சல் வரிசை உணரியைப் பொருத்தினோம்.

லேசர் 532 நானோமீட்டரா, 785-ஆ என்ற விவாதமும் நீண்டது. சிதறலின் வலிமை அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால், 532 நானோமீட்டர் பச்சை லேசரில் ஏறத்தாழ ஐந்து மடங்கு வலிமை கிடைக்கிறது. ஆனால் சாயங்களையும் தாவரச் சாறுகளையும் வைத்தால் அவற்றின் ஒளிர்வு ராமன் உச்சிகளை (நிறமாலையில் பொருளை அடையாளம் காட்டும் மேடுகளை) விழுங்கிவிடுகிறது. கற்பித்தலுக்குப் பச்சையே போதும். அத்தகைய பொருள்களை ஆராய்வோருக்கு 785 வடிவத்தை அடுத்த ஆண்டு எடுத்துக்கொள்ளலாம் என முடிவாயிற்று.

பயிற்சி முகாமில் நிறமற்ற இரு திரவங்களை மூடிய கண்ணாடிக் குப்பிகளில் வைத்துக் கொடுத்தோம். மூடியைத் திறக்காமலேயே மாணவர்கள் நிறமாலை எடுத்தார்கள். ஒன்றில் 880 அலைஎண்ணை (சிதறிய ஒளியின் நிறம் எவ்வளவு மாறியது என்பதற்கான அளவு) ஒட்டி உச்சி எழுந்தது; மற்றதில் அது 1030-ஐ ஒட்டி இருந்தது. முன்னது எத்தனால், பின்னது மெத்தனால். 1928-இல் கல்கத்தாவில் ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் சூரிய ஒளியையும் வண்ண வடிகட்டிகளையும் தம் கண்களையும் கொண்டு பிடித்த அந்த மங்கலான ஒளியை, தாங்களே பூட்டிய கருவியில் அந்த மாணவர்கள் அளந்தார்கள். கருவியை விலைக்கு வாங்கி வைப்பதோடு நிறுத்தாமல் பிரித்துப் பூட்டவும் கற்றுத்தர வேண்டும் என்று இச்சங்கம் வலியுறுத்தி வருவது இதற்காகத்தான்.

அளவுத்திருத்தம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மலிவான லேசரைப் போட்டவுடன் அளந்தால் உச்சி ஓரிடத்தில் நிற்பதில்லை. அலைநீளம் 0.1 நானோமீட்டர் நகர்ந்தாலே உச்சி மூன்றரை அலைஎண் தள்ளிப்போகிறது. லேசர் சூடேறி நிலைகொண்ட பிறகே அளக்க வேண்டும். நியான் விளக்கின் கோடுகளால் அலைநீள அளவுகோலைச் சரிபார்த்து, பாலிஸ்டைரீன் துண்டில் 1001 அலைஎண் உச்சி அதனிடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லேசரை மூடி எடுத்த இருள் நிறமாலையையும் சேர்த்தே கோப்பில் வைக்க வேண்டும். இவை இல்லாத நிறமாலை ஆராய்ச்சிக்கு உதவாது. கருவி விலை குறைவு என்பதற்காக இதில் சலுகை தர முடியாது.

பாதுகாப்பிலும் அப்படியே. 5 மில்லிவாட்டைத் தாண்டிய லேசர் கண்ணுக்கு ஆபத்து. மலிவான பச்சை லேசர்களில் 808, 1064 நானோமீட்டர் அகச்சிவப்புக் கதிரும் கசிவதுண்டு. அது கண்ணுக்குத் தெரியாது என்பதால் இன்னும் கவனம் தேவை. அகச்சிவப்புத் தடுப்பு வடிகட்டி, மூடியைத் திறந்தால் லேசர் அணையும் அமைப்பு, கண்களுக்கு உரிய பாதுகாப்புக் கண்ணாடி ஆகிய மூன்றும் எல்லாக் கருவிகளுக்கும் கட்டாயமாக்கப்பட்டுள்ளன.

செயற்குழுக் கூட்டங்கள் விதிப்படி நடைபெற்றன. வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு இரு தீர்மானங்களை முன்வைக்கிறேன். வரைபடங்கள், மென்பொருள், உதிரிப்பாகப் பட்டியல் ஆகியவற்றை எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்த உரிமத்தில் வெளியிடுவது முதலாவது. நியான் விளக்கும் பாலிஸ்டைரீன் துண்டும் இல்லாமல் எந்தக் கருவியும் சங்கத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்பது இரண்டாவது.

இவண்,
செயலாளர்